தகட்டில் இருக்கும் வயது

ஒரு பொருளின் வயது எங்கே இருக்கிறது?

குழந்தை கேட்கிற கேள்வி போலத்தான் இருக்கிறது. பதில் சொல்ல உட்கார்ந்தால் அதன் கனம் தெரியும். தேக்கு மரத்தின் வயது அதன் வளையங்களில் இருக்கிறது. மாட்டின் வயது அதன் பல்லில் இருக்கிறது. சந்தையில் மாடு பிடிக்கிறவன் வாயைப் பிளந்து பார்க்காமல் மடியை அவிழ்ப்பதில்லை. மனிதனின் வயது? நரையில் இருக்கிறது என்றால் நாற்பதில் நரைத்தவன் சண்டைக்கு வருவான். சுருக்கத்தில் இருக்கிறது என்றால் சில பெண்மணிகள் வருத்தப்படுவார்கள். சர்க்காரைக் கேட்டால் தயங்காமல் சொல்லும்: அது பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டில் இருக்கிறது.

மோட்டார் வண்டிக்கும் அப்படி ஒரு சர்ட்டிபிகேட் உண்டு. எஞ்சின் மூடியைத் தூக்கினால், உள்ளே தடுப்புச் சுவரில் ஒரு சிறு தகடு. அதில் சில எழுத்துகள், சில எண்கள். சட்டத்திலோ எஞ்சின் கட்டையிலோ குத்திய எண்களும் உண்டு. தெரிந்தவன் படித்தால் அது ஜாதகம். தெரியாதவனுக்கு வெறும் இரும்பு.

இந்தத் தகட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். அந்தத் தகட்டை மாற்றலாமா, மாற்றினால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வியில் ஒரு மனிதன் தூக்கமில்லாமல் புரண்டதை அருகே இருந்து பார்த்தேன். அதிலிருந்து அது இரும்புக் கடைச் சமாசாரமாக எனக்குப் படவில்லை. தர்மசாஸ்திரத்தின் நடுப்பக்கமாகப் படுகிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகத் தகுதி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பதினைந்து வயதைத் தாண்டிய வண்டியைச் சட்டமும் சமூகமும் பார்க்கிற பார்வையே வேறு. புகை கக்குகிற கிழம், உடைத்து எடைக்குப் போட வேண்டியது என்று முணுமுணுப்பு எழும். ஆனால் அதே வண்டி யாராவது ஒருவருடைய பிரியத்தால் எப்படியோ உயிர் பிழைத்து ஐம்பது வயதைத் தொட்டுவிட்டால், கதை தலைகீழாகிவிடுகிறது. 2021-ஆம் வருஷம் ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த வண்டி 'விண்டேஜ்'. அதற்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். ஒரே நிபந்தனை: வண்டி பிறந்த மேனியோடு இருக்க வேண்டும். சட்டம், மேற்கூடு, எஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. இன்னொன்று: அந்தக் கௌரவம் கிடைத்த பிறகு அதை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், அணிவகுப்புக்குப் போகலாம், எண்ணெய் போட்டுக்கொள்ளப் போகலாம்.

பதினைந்தில் பாரம், ஐம்பதில் பெருமை! நடுவில் இருக்கும் முப்பத்தைந்து வருஷமும் அது யாருடைய தயவில் வாழ்வது என்று சட்டம் கேட்கவில்லை. மனிதர் விஷயத்திலும் நாம் ஏறத்தாழ இதைத்தான் செய்கிறோம். அறுபதில் மாலை போட்டு அனுப்பிவிடுகிறோம். எண்பதில் பொன்னாடையோடு தேடிக்கொண்டு போகிறோம். நடுவே இருபது வருஷம் அந்த மனிதர் என்ன ஆனார் என்று விசாரிப்பதில்லை.

இந்தச் சிந்தனைக்கு என்னை இழுத்து விட்ட ஊர் திருவதிகை. கெடிலத்தின் கரையில், பண்ருட்டிக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. ஒரு பக்கம் பலாவும் முந்திரியும். இன்னொரு பக்கம் பஸ்ஸில் போனால் நெய்வேலிச் சுரங்கமும் நகரியமும். வீரட்டானேசுவரர் கோயிலைச் சுற்றி வரும்போது ஒரு வேடிக்கை மனத்தில் தட்டும். இந்த ஊரின் புராணமே ஒரு வண்டியைப் பற்றிய புராணம்தான். திரிபுரத்தை எரிக்கச் சிவபெருமான் ஏறிப் புறப்பட்ட தேர்: பூமியே தட்டு, சூரிய சந்திரர் சக்கரங்கள், நான்கு வேதங்களும் குதிரைகள், பிரம்மா சாரதி. இத்தனை பெரிய கம்பெனித் தயாரிப்பும் அச்சு முறிந்து வழியில் நின்றுவிட்டது என்று அச்சிறுபாக்கத்தில் கதை சொல்கிறார்கள். தெய்வத்தின் வண்டிக்கே ரிப்பேர் உண்டென்றால் நம் வண்டிகளைச் சொல்வானேன்?

அந்தக் கோயிலின் கற்களில் பல்லவர், சோழர், பாண்டியர் காலத்து எழுத்துகள் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கல்வெட்டில் நாம் நினைக்கிற மாதிரி வருஷக் கணக்கு அபூர்வம். இன்ன அரசனுக்கு இத்தனையாவது யாண்டு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்த அரசன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்பது வேறெங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சாவி போலப் பொருத்தினால்தான் வருஷம் திறக்கும். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் அடித்து, மையொற்றிப் படியெடுப்பார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேஸிஸ் எண்ணின் மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணை எடுக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கல்வெட்டுக்காரர்கள் ஞாபகம் வரும். இரண்டு பேரும் செய்வது ஒரே காரியம். பேச முடியாத ஒரு பொருளின் வாயில் காதை வைத்துக் கேட்கிறார்கள்.

மோட்டார் எண்ணுக்கும் சாவி வேண்டும். மாரிஸ் மைனர் என்ற ஆங்கிலேயக் காரை எடுத்துக்கொள்வோம். 1948-ல் காவ்லி தொழிற்சாலையில் பிறந்தது; நம் நாட்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை 'பேபி ஹிந்துஸ்தான்' என்று விற்றது. அதன் முதல் வண்டிக்கு எண் ஒன்று அல்ல, 501! அந்தக் கம்பெனியின் வழக்கம் அப்படி. அந்த 501-ஆம் எண் வண்டி இங்கிலாந்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. ஆரம்பத்து வண்டிகளுக்கு 'எஸ்எம்எம்' என்ற எழுத்துகளும் தொடர் எண்ணும் மட்டும். 1952-ல் முறை மாறியது. முதல் எழுத்து 'எஃப்' என்றால் மைனர்; அடுத்த எழுத்து 'ஏ' என்றால் நான்கு கதவு, 'பி' என்றால் இரண்டு கதவு; மூன்றாவது எழுத்து வர்ணம்; அதற்கடுத்த எண் அது எந்தச் சந்தைக்குப் போகிறது என்பது. அது 5 என்று இருந்தால், வலப்பக்கம் ஓட்டுகிற வண்டி, பாகம் பாகமாகப் பெட்டியில் கட்டிக் கடல் தாண்டி அனுப்பப்பட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் முதல் சிக்கல். பெட்டியில் வந்த வண்டியின் பிறந்த நாள் எது? அங்கே எண் கொடுத்த நாளா? இங்கே பாகங்களைப் பிரித்துப் பூட்டி ஓட வைத்த நாளா? பிறகு யாரோ வாங்கிச் சர்க்கார் புத்தகத்தில் பதிந்த நாளா? மூன்றுக்கும் நடுவில் மாதங்கள் ஓடியிருக்கும். சில சமயம் வருஷமே மாறியிருக்கும். நம் ஜோதிடர்களும் இதே சண்டையைப் போட்டிருக்கிறார்கள். சிரசு வெளிப்பட்ட நேரமா, பூமியில் விழுந்த நேரமா, எதை ஜனன காலமாகக் கொள்வது என்று. லண்டனிலிருந்து பிரைட்டன் வரை வருஷந்தோறும் பழங்கார்கள் போகும் ஓர் ஓட்டம் உண்டு. 1905 ஜனவரி 1-க்கு முன் செய்த வண்டிக்குத்தான் அதில் இடம். டிசம்பர் கடைசியில் பிறந்தால் ராஜமரியாதை. ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தால் பாதையோரம் நின்று வேடிக்கை பார்க்கலாம். அதனால் வயதை விசாரித்துச் சான்று கொடுக்கவே இங்கிலாந்தின் பழங்கார்ச் சங்கம் ஒரு குழுவை வைத்திருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த மனிதரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றுத் திருவதிகையில் இருக்கிறார். அவருடைய தகப்பனார் அந்தப் பக்கத்தில் எல்.எம்.பி. டாக்டராக இருந்தவர். அவர் வைத்திருந்த மாரிஸ் மைனர் இன்னும் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பதிவுப் புத்தகத்தில் 1954. தகட்டின் எழுத்துகளைப் படித்தால் 1953. சுற்றுப்பட்ட கிராமங்களில் பிரசவ வலி கண்ட பெண்களைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி. அந்த வண்டியிலேயே பிறந்த ஒருவர் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். இடையில் எஞ்சின் தேய்ந்துபோய், சாமான் கிடைக்காமல், வேறொரு காரின் எஞ்சினை ஏற்றினார்கள். தரைத் தகரம் அரித்து மாற்றப்பட்டது.

வீட்டில் ஓர் ஆபரேஷன் செலவு வந்தது. அப்போது ஒரு தரகர் வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன்.

"ஐயா, வண்டி அம்பத்துமூணு. எஞ்சின் வேற. இதுக்கு விண்டேஜ் நம்பர் கெடைக்காது. வெலையும் போகாது. என்கிட்ட ஒரு நாப்பத்தொம்பது மாடல் கெடக்கு. கூடு பூரா துருப்பிடிச்சிப் போச்சி. ஆனா எஞ்சின் அசல். முன்பக்க மட்கார்டு, கிரில்லு எல்லாம் இருக்கு. தகடும் இருக்கு. எல்லாத்தையும் இதுல பூட்டிட்டா உங்க வண்டி நாப்பத்தொம்பது. வெல மூணு மடங்கு."

விவரம் தெரிந்த தரகர். 1951-க்கு முன்னால் நம் பக்கம் வந்த மைனர்களுக்கு விளக்குகள் கீழே கிரில்லுக்குள்ளேயே இருக்கும். பிறகுதான் மட்கார்டின் தோளுக்கு ஏறின. பழைய மைனருக்கு 918 சி.சி. எஞ்சின், 1952-லிருந்து வந்தது 803 சி.சி. அதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் பேசினார்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தகடு யாரோட வண்டியுது தம்பி?" என்று கேட்டார்.

"அது செத்துப்போன வண்டிங்க ஐயா. யாருக்கு நஷ்டம்?"

யாருக்கு நஷ்டம்? இதுதான் கேள்வி. இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. தரகர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. எஞ்சின் 1949, முகப்பு 1949, தகடு 1949. பாதிக்கு மேல் அந்த வண்டி என்றால் அதன் பெயரை ஏன் சூட்டக் கூடாது? ஒரு வண்டியின் உயிர்நிலை எதில் இருக்கிறது? எஞ்சினிலா, கூட்டிலா, சட்டத்திலா, தகட்டிலா?

அமெரிக்காவில் 1908-லிருந்து 1927 வரை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஃபோர்டு 'டி' மாடல் கார்கள் செய்தார்கள். அந்தக் காரின் எண் எஞ்சினில்தான் குத்தப்பட்டது. உற்பத்தியின் கடைசிக் காலம் வரை சட்டத்தில் எண் கிடையாது. எஞ்சினை மாற்றினால் எண்ணும் மாறும், எண் மாறினால் வயதும் மாறும். இதற்காகவே, எண் குத்தாத புது எஞ்சின் கட்டை வாங்கிப் போடும்போது பழைய எண்ணையே அதில் குத்திக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அப்படிக் குத்தியதை யாரும் மோசடி என்று சொன்னதில்லை. ஆகவே எண்ணைத் திரும்பக் குத்துவதே பாவம் என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது.

1990-ல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் இதே கேள்வி விசாரணைக்கு வந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற ஒரு பென்ட்லி கார். 1929-லும் 1930-லும் லெ மான் பந்தயத்தில் வென்றது. 1932-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் இறந்தார். அதற்கு முன்னும் பின்னும் எஞ்சின், சட்டம், கூடு என்று எத்தனையோ மாற்றங்கள். 1 கோடி பவுன் பெறும் என்று விலை பேசப்பட்ட பிறகு வாங்குகிறவர்கள் பின்வாங்கினார்கள். 1929-ன் இரும்பு இதில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை, இது அந்தக் காரே அல்ல என்றார்கள். நீதிபதி ஆட்டன் வேறு விதமாகப் பார்த்தார். பாகங்கள் ஒவ்வொன்றாக மாறினாலும் அந்தக் கார் ஒருநாளும் காணாமல் போகவில்லை. வேறொரு காராக மாறி மறைந்துவிடவும் இல்லை. அதன் சரித்திரச் சங்கிலி அறுபடவில்லை. ஆகையால் அது அதுவே என்று தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்புக்கு நாம் லண்டன் போயிருக்க வேண்டியதில்லை. நம் கோயில் திருப்பணிகளில் இந்தத் தத்துவம் நூற்றாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. சுதையும் செங்கலுமான விமானத்தைப் புதுப்பிக்கும்போது பாலாலயம் செய்கிறார்கள். மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, வேறிடத்தில் வைத்துப் பூஜை நடத்தி, வேலை முடிந்ததும் குடமுழுக்கில் திரும்பச் சேர்க்கிறார்கள். கல் மாறலாம், சுதை மாறலாம், வர்ணம் மாறலாம். பூஜை ஒருநாளும் நிற்கக் கூடாது. நிற்காத பூஜைதான் அந்தக் கோயில். திருவதிகைக்குப் புராணம் இன்னொரு சேதியும் சொல்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் சமணப் பள்ளிகளை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு இங்கே குணபரேச்சுரம் எழுப்பினான் என்று பெரிய புராணத்தில் இருக்கிறது. பழைய வண்டியின் சாமானைப் புது வண்டியில் பூட்டுவது இன்று நேற்று வந்த காரியமல்ல. அந்தக் கற்களுக்கு இரண்டு வயது. அதை மறைக்காமல் புராணமே சொல்லிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பெருமையாகச் சொன்னது என்றாலும், சொல்லிவிட்டது.

காவிரிக் கரையில் திருக்கோடிக்காவல் என்று ஓர் ஊர். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் அந்தக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் சிதறிக் கிடந்த தானசாசனங்களைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். பழைய எழுத்தை அப்படியே வெட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இது பழைய கல்லின் படி என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு வரப்போகிற, முகம் தெரியாத எவனோ ஒருவன் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக உளியை இன்னும் நான்கு தட்டுத் தட்டினார்கள். அந்த நான்கு தட்டில்தான் இந்தப் பிரச்னையின் முழு விடையும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஃபோர்டு கட்டையில் பழைய எண்ணைக் குத்தியவனும் பழங்கல்லைப் படியெடுத்தவனும் ஒரு சங்கிலியை அறுபடாமல் காத்தார்கள். தகட்டை மாற்றச் சொல்கிறவன் இரண்டு சங்கிலிகளை அறுக்கச் சொல்கிறான். பிரசவத்துக்குப் பெண்களைச் சுமந்த 1953-ஆம் வருஷத்து வண்டி அன்றோடு இறந்துபோகும். உடல் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அப்படியொரு வண்டி இருந்ததற்குச் சாட்சி இராது. 1949-ல் பிறந்து துருப்பிடித்துச் செத்த வண்டியோ, சாகவே இல்லை என்று பொய்யாக நடமாடும். செய்த வேலையில் பெரும்பகுதி ஒன்றேதான்: அதே ஸ்பானர், அதே ஆணி, அதே தகரம். இரண்டு வண்டிச் சாமானையும் கூட்டிச் செய்தது இது என்று எழுதி வைத்துவிட்டால் அதில் துளியும் குற்றமில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் குற்றம். பொருள் மாறலாம், அது பொருளின் வாழ்க்கை. சாட்சி மாறக் கூடாது.

சரி, நஷ்டம் யாருக்கு? வாங்குகிறவனுக்கு என்பது முதல் பதில். அவன் விலை கொடுப்பது இரும்புக்கு அல்ல. இரும்பு எடைக்குக் கிடைக்கும். அவன் கொடுப்பது ஒரு வார்த்தைக்கு. ஆனால் அது சின்னப் பதில். வாங்குகிறவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அவனும் சம்மதித்து, இருவருமாகத் தகட்டை மாற்றினால்? அப்போதும் நஷ்டம் உண்டு. எண் என்பது அதைக் குத்தியவனுக்குத் தெரியாத யாரோ ஒருவனிடம் பேசுகிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் மாதத்துக்கு எத்தனை டாங்கி செய்கிறார்கள் என்று நேச நாடுகளுக்குத் தெரியவில்லை. 1942 ஆகஸ்டில் மட்டும் 1,550 என்று உளவாளிகள் சொன்னார்கள். பிடிபட்ட டாங்கிகளின் தொடர் எண்களை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் 327 என்றார்கள். யுத்தம் முடிந்து ஜெர்மன் பதிவேட்டைப் பார்த்தபோது 342 இருந்தது. அந்த எண்களைக் குத்திய தொழிலாளிக்கு இப்படி ஒரு நாள் தன் எண் சாட்சி சொல்லும் என்று தெரியுமா? அவன் வரிசை தவறாமல் உள்ளபடி குத்தினான், அவ்வளவுதான். உலகத்தில் நமக்குத் தெரிந்த சரித்திரத்தில் பெரும்பகுதி, தன்னை யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியாமல் உள்ளபடி எழுதி வைத்த குமாஸ்தாக்களும் தச்சர்களும் கொடுத்த தானம். இரண்டு பேர் சம்மதித்து அந்தத் தானத்தைச் செலவழித்துவிட முடியாது. அது அவர்கள் சொத்தல்ல.

இரும்புக்கே இந்த விஷயத்தில் ஒரு மானம் இருக்கிறது. எண்ணைக் குத்தும்போது உளி மேற்பரப்பை மட்டும் பள்ளமாக்குவதில்லை. அடியிலிருக்கும் உலோகத்தையும் நெரித்துவிடுகிறது. எண்ணை அரத்தால் ராவி வழவழப்பாக்கிவிட்டாலும் அந்த நெரிசல் உள்ளே இருக்கிறது. தடய ஆய்வுக்காரர்கள் செப்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவுகிறார்கள். ஆழமாக ராவாதிருந்தால், மறைந்த எண் மெல்ல மேலே வருகிறது. நெருப்பிலிட்ட சீதையைப் போல, அமிலத்திலிட்ட இரும்பும் உண்மையைச் சொல்கிறது. மனிதன் மறந்தாலும், ஜடம் என்று நாம் சொல்கிற பொருள் மறக்க மறுக்கிறது.

இங்கே ஒரு வாசகர் என்னைச் சட்டையைப் பிடித்து நிறுத்தலாம். 'தகட்டுக்கு இத்தனை பேசுகிறீரே, நம் தலைமுறைக்கு முந்தியவர்களில் எத்தனை பேருடைய பிறந்த தேதி நிஜம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பள்ளியில் சேர்க்கக் கொண்டுவந்த பிள்ளையை, கையைத் தலைக்கு மேல் வளைத்து எதிர்க் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று வைத்து, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை வாத்தியாரே போட்ட காலம் உண்டு. அப்படிப் பிறந்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். அவர்கள் எல்லாரும் பொய்யர்களா?

அல்ல. பதிவே இல்லாத இடத்தில் கையளவைக் கொண்டு ஒரு தேதியை ஊகித்த வாத்தியார் எதையும் அழிக்கவில்லை. வெற்றிடத்தில் ஓர் ஊன்றுகோலை நட்டார். தெரிந்த தேதியை இரண்டு வருஷம் குறைத்து எழுதச் சொன்ன தகப்பன் வேறு. மகன் இரண்டு வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கட்டும் என்ற பாசம்தான். ஆனால் அந்த இரண்டு வருஷம் வெளியே வரிசையில் நின்ற எவனோ ஒருவனுடைய இரண்டு வருஷம். அவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் அவன் நஷ்டம் கண்ணுக்குப் படவில்லை. யாருக்கு நஷ்டம் என்ற கேள்வி எப்போதும் இப்படித்தான் ஜெயிக்கிறது. நஷ்டப்பட்டவன் எதிரே நிற்காதபோது அதைக் கேட்கிறோம்.

இந்த விஷயத்தில் திருவதிகைக்கு இன்னொரு பாடமும் உண்டு. பக்கத்துத் திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்தவர் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். சூலை நோயோடு திருவதிகைக்கு வந்து திருநாவுக்கரசர் ஆனார். பெயர் மூன்று, சமயம் இரண்டு, வாழ்க்கை ஒன்று. அவரை அவரே என்று நிலைநிறுத்தியது எது? மடத்து ஏடா, பெயரா? திலகவதி என்ற தமக்கை. நடுவில் நடந்தது எதையும் அவள் இல்லையென்று சொல்லவில்லை. தருமசேனர் என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று சொல்லித்தான் தம்பியைத் திரும்பப் பெற வேண்டும் என்ற அவசியமும் அவளுக்கு இல்லை. நடுவில் நடந்ததைச் சொல்லிக் கசிந்ததால்தான் அப்பருடைய தேவாரத்துக்கு அந்த உருக்கம். மாறியதை மறைக்காதவனுக்குத்தான் மாறாத ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்லும் உரிமை உண்டு.

திருவதிகைப் பெரியவர் தரகரை அனுப்பிவிட்டார். வீட்டு மனையில் ஒரு பகுதியை அடகு வைத்து ஆபரேஷன் நடந்தது. இது வெற்றிக் கதை அல்ல. அந்தக் கடன் இன்னும் இருக்கிறது. வண்டிக்கு விண்டேஜ் எண்ணும் இல்லை. நேர்மைக்குக் கை மேல் பலன் கிடைத்ததாக எழுதினால் நான் இந்தக் கட்டுரையிலேயே ஒரு தகட்டை மாற்றினவன் ஆவேன். அவர் செய்தது ஒன்றே ஒன்று. ஒரு நாற்பது பக்க நோட்டில், எந்த வருஷம் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எங்கே வாங்கியது, யார் பூட்டியது என்று நினைவுக்கு வந்தவரை எழுதி வண்டிக்குள் வைத்துவிட்டார். அதுவும் ஒரு கல்வெட்டுத்தான். விலையைக் கூட்டாத கல்வெட்டு.

வயதுக்கு நாம் கொடுக்கிற மரியாதையைப் பற்றியும் இதில் ஒரு சொல் சொல்ல வேண்டும். பழமை என்பதற்காகவே ஒரு பொருளுக்கு மதிப்புக் கூடுகிறது என்று நாம் பழகிவிட்டோம். அதனால்தான் வயதைத் திருடும் ஆசை வருகிறது. நான்கு வருஷம் முன்னால் பிறந்துவிட்ட காரணத்தால் ஒரு கார் உயர்ந்துவிடுமா? கொட்டகையில் போர்வைக்குள் நாற்பது வருஷம் தூங்கி, ஒரு ஆணிகூட மாறாமல் வந்த வண்டிக்குச் சட்டம் மாலை போடுகிறது. சேற்றிலும் மழையிலும் ஓடி, தேய்ந்து, மாற்று எஞ்சின் ஏற்றி, இன்னும் ஓடுகிற வண்டிக்கு மாலை இல்லை. சட்டத்தின் நோக்கம் வேறு. அது அருங்காட்சியகத்தின் கண். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மனிதரைப் பார்க்கிற கண்ணும் அதுவாகவே ஆகிவிடக் கூடாது. எத்தனை வருஷம் இருந்தான் என்பதை எண் சொல்லும். எதற்காகத் தேய்ந்தான் என்பதை எந்தத் தகடும் சொல்லாது. அதைப் பக்கத்தில் இருந்தவர்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

நெய்வேலியில் 1956-ல் கம்பெனி ஏற்பட்டு, 1957-ல் நேரு தொடங்கி வைத்து, 1961-ல் முதல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. இந்தத் தேதிகள் எல்லாம் பதிவில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கரியின் வயது? அது எந்தப் பதிவிலும் இல்லை. மயோசீன் யுகத்தது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். கரிக்குள் அகப்பட்ட மகரந்தத் தூளைப் பூதக்கண்ணாடியில் பார்த்த சிலர், இல்லை, அதற்கும் முந்திய ஈயோசீன் என்று வாதித்தார்கள். இரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான வருஷங்கள். மனிதனுடைய ஊகம் அத்தனை தூரம் ஊசலாடலாம்; அதனால் கெட்டுப் போவது ஒன்றுமில்லை. ஏனென்றால் அந்த மகரந்தத் தூளை இடையில் யாரும் மாற்றி வைக்கவில்லை. அது காட்டிலிருந்து உதிர்ந்த நாளில் எப்படி விழுந்ததோ அப்படியே கிடக்கிறது. இன்றைக்கு அதைத் தப்பாகப் படித்தாலும் நாளைக்கு ஒருவன் சரியாகப் படித்துவிடலாம். தப்பாகப் படிப்பவர்களால் உண்மைக்கு ஆபத்து வருவதில்லை. படிக்கப் போகிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாமல் ராவிவிடுகிறவர்களால்தான் வருகிறது.